திரும்பி வருகிற நாய்

உங்கள் தெருவில் அந்த நாயைப் பார்த்திருப்பீர்கள். வயிறு முதுகோடு ஒட்டியிருக்கும். கால்கள் நெட்டை. முகம் ஊசி. 'பாவம், சோறே போடுவதில்லை போலிருக்கிறது' என்று அதன் சொந்தக்காரரை மனசுக்குள் திட்டியிருப்பீர்கள். போடுகிறார்கள் சார், வேளாவேளைக்குப் போடுகிறார்கள். உடல்வாகு அப்படி. அது சிப்பிப்பாறையாகவோ கன்னியாகவோ இருக்கும். ஓடுவதற்கென்றே அளவெடுத்துத் தைத்த உடம்பு.

காலை ஆறு மணிக்கு அதை வாக்கிங் அழைத்துப் போகிறவரையும் பார்த்திருப்பீர்கள். யார் யாரை அழைத்துப் போகிறார்கள் என்று கொஞ்சம் சந்தேகமாக இருக்கும். எதிரே ஒரு பூனை வந்தால் அந்தச் சந்தேகமும் தீர்ந்துவிடும். செருப்பு ஒரு பக்கம், செல்போன் ஒரு பக்கமாக மனிதர் பறந்துகொண்டிருப்பார். கயிறு கையை விட்டுப் போனால் அவ்வளவுதான். 'ஜிம்மி... ஜிம்மி...' என்று அவர் கத்துவது அடுத்த தெரு வரைக்கும் கேட்கும். ஜிம்மிக்கு மட்டும் கேட்காது.

இந்த வாரம் ஜிம்மியைப் பற்றித்தான் பேசப் போகிறோம். நாய் வளர்க்காதவர்களும் படிக்கலாம். பிள்ளை வளர்க்கிறவர்கள் கண்டிப்பாகப் படிக்கலாம்.

நம் நாட்டு நாய்களுக்கு இது நல்ல காலம். 2005-ல் தபால் துறை ராஜபாளையம் நாய்க்கு ஸ்டாம்ப் வெளியிட்டது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாடு, நாட்டுக் கோழி வரிசையில் நாட்டு நாயும் பேச்சில் சேர்ந்துகொண்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் ரேடியோ பேச்சில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பேர் சொல்லியே பாராட்டினார். சந்தோஷம்தான். கூடவே ஒரு சங்கடமும் இருக்கிறது.

இவை எல்லாமே வேலைக்கென்று வளர்க்கப்பட்ட நாய்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டில் முயல் துரத்தியவை. கோம்பை காட்டுப்பன்றியை மறித்து நின்றது. ராஜபாளையம் வேட்டைக்கும் போனது, வீட்டையும் காத்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-ல் அதைத் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். வேட்டை என்ற தொழிலே முடிந்தது. இன்று முயலைத் துரத்திப் பிடித்தால் நாய்க்குப் பதக்கம் கிடையாது. உங்களுக்கு ஜெயில் உண்டு.

ஆனால் சட்டம் வந்த சேதி நாயின் ரத்தத்துக்கு யாரும் சொல்லவில்லை. வேலை போன பிறகும் அந்த வேலைக்காரன் அதற்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறான். மூன்றாவது மாடி ஃப்ளாட்டில், பால்கனிக் கம்பி வழியாகப் புறாவைப் பார்த்துக்கொண்டு.

அப்படியானால் இந்தக் குட்டிக்கு முதலில் எதைக் கற்றுத் தருவது? நாய் வாங்கிய நண்பர்களைக் கேட்டுப் பார்த்தேன். 'ஷேக் ஹேண்ட்' என்றார் ஒருவர். 'அட்டாக்' என்றார் இன்னொருவர். எனக்குச் சரியான பதில் லைட்ஹவுஸ் குப்பத்தில் கிடைத்தது. சொன்னவர் எந்த நாய்ப் பள்ளிக்கூடத்துக்கும் போகாதவர்.

பழவேற்காடு போயிருக்கிறீர்களா? சென்னையிலிருந்து பொன்னேரி வழியாக 60 கிலோமீட்டருக்குள்தான். 1613-ல் டச்சுக்காரர்களின் கெல்ட்ரியா கோட்டை எழுந்த ஊர். சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். பாலத்தைத் தாண்டினால் ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல். நடுவே மணல் திட்டில் லைட்ஹவுஸ் குப்பம். குளிர்காலத்தில் ஏரியில் பூநாரைகள் வந்து ரோஸ் கலரில் கோடு போட்ட மாதிரி நிற்கும். வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடும்போது குப்பத்துப் பிள்ளைகள் கரையில் நின்று டிக்கெட் வாங்காமல் வேடிக்கை பார்ப்பார்கள்.

பூநாரை பார்க்கப் போன ஒரு நவம்பர் மாதத்தில்தான் அந்தக் குட்டியையும் பார்த்தேன். ஐந்து மாதக் கன்னி. கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேல் பழுப்புப் பொட்டு. வைத்திருந்தவன் பத்தொன்பது வயசுப் பையன். அப்பாவோடு கடலுக்குப் போகிறவன். செல்போனில் முயல் வேட்டை வீடியோ பார்த்துப் பார்த்து, சேர்த்து வைத்த பணத்தையெல்லாம் கொடுத்து விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வாங்கி வந்திருந்தான்.

"பேர் என்னப்பா?"

"ராக்கெட் சார்."

பேருக்கு ஏற்ற மாதிரித்தான் இருந்தது. போகும், வராது. நான் போவதற்கு ஒரு வாரம் முன்னால் ராக்கெட் ஒரு ஆட்டுக்குட்டியைத் துரத்திப் பிடித்துக் கழுத்தைக் கடித்துவிட்டது. ஆட்டுக்காரிக்குப் பணம் கொடுத்து சமாதானம் செய்தாகிவிட்டது. ஆனாலும் அந்த அம்மா சொன்ன கடைசி வார்த்தை பையனின் தூக்கத்தைக் கெடுத்திருந்தது. "இன்னொரு தபா இது நடந்துச்சு, மருந்து வச்சிடுவாங்க. நான் வைக்க மாட்டேன். யாரோ வைப்பாங்க." அந்த 'யாரோ' எல்லா ஊரிலும் இருக்கிறார். அன்றிலிருந்து ராக்கெட் இரண்டு முழச் சங்கிலியில் கட்டிக் கிடந்தது. ராத்திரியெல்லாம் அழுகிறது என்றான்.

அந்த நேரத்தில்தான் பெரியவர் வந்தார். ஏரிக் கரையில் குடியிருக்கும் இருளர். அவர் வீட்டுப் பெண்கள் ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் கையால் தடவியே இறால் பிடிப்பவர்கள். அறுவடை முடிந்தால் குடும்பத்தோடு பொன்னேரிப் பக்கத்து வயல்களில் எலி பிடிக்கப் போவார்கள். இறால் விற்க வந்தவர் சங்கிலியைப் பார்த்து நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு செவலை நாய் வந்து நின்றது. எந்த ஸ்டாம்பிலும் வராத ஜாதி. அவர் நின்றால் நின்றது, உட்கார்ந்தால் உட்கார்ந்தது.

"யோவ் பெருசு, உன் நாய் மட்டும் எப்படிய்யா இப்படி இருக்குது?" என்றான் பையன்.

பெரியவர் ராக்கெட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "பேர் இன்னா வச்சிக்கிற?"

"ராக்கெட்."

"பேரே அப்படி வச்சா, போனது எங்க திரும்பி வரும்?"

அவர் சிரிக்கவில்லை. சுற்றி நின்ற நாங்கள்தான் சிரித்தோம். பிறகு அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். இந்தக் கட்டுரையில் உருப்படியான விஷயம் இதுதான்.

"தொரத்தறதுக்கு நாம கத்துக் குடுக்கணுமா தம்பி? மீன் குஞ்சுக்கு நீந்தக் கத்துக் குடுப்பியா? அது ரத்தத்துலயே கீது. அத்த விட்டுத் தள்ளு. ஓடிகினு இருக்கற நாய், பாதியில கூப்ட்டா நின்னு திரும்பிப் பாக்கணும். அத்தத்தான் கத்துக் குடுக்கணும். மொதல்ல வர்றதுக்குக் கத்துக் குடு. அப்பறம் நிக்கறதுக்கு. அப்பறம் வாயில வச்சத விடறதுக்கு. போறதுக்குக் கடேசியில கத்துக் குடுக்கலாம். கத்துக் குடுக்காமயே போச்சுன்னாலும் பரவால்ல."

வர, நிற்க, விட. மூன்றே பாடம்.

இருளர்களின் விலங்கறிவு நாலு பேர் ஒப்புக்கொண்ட விஷயம். 1978-ல் வடநெம்மேலியில் அவர்கள் தொடங்கிய பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் விஷத்திலிருந்துதான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. 2017-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்கக் கூட்டிப்போனார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. நான் சொல்லும் பெரியவருக்கு எந்த விருதும் இல்லை. ஆனால் அவர் சொன்ன வரிசையைத்தான் இங்கிலாந்தில் துப்பாக்கிக்காரர்களோடு போகும் நாய்களைப் பழக்குகிறவர்களும் சொல்கிறார்கள். அங்கே நீளமாக ஒரு விசில் அடித்தால் நாய் இருந்த இடத்திலேயே உட்கார வேண்டும். குட்டிக் குட்டியாக விசில் அடித்தால் ஓடி வர வேண்டும். இவை இரண்டும் படிந்த பிறகுதான் குட்டிக்குப் பறவையின் வாசனையே காட்டுவார்கள்.

சரி, வர எப்படிக் கற்றுத் தருவது?

பெரியவர் முதலில் சங்கிலியைக் கழற்றச் சொன்னார். குப்பத்தில் கயிற்றுக்குப் பஞ்சமா? பத்து மீட்டருக்கு ஒரு நைலான் கயிறு வாங்கிக் கழுத்துப் பட்டையில் கட்டினார். குட்டி அதை இழுத்துக்கொண்டு இஷ்டத்துக்குத் திரியலாம். பேர் சொல்லி ஒரே ஒரு தடவை கூப்பிட வேண்டும். வந்தால் வேகவைத்த மீன் ஒரு துண்டு. உப்புக் கருவாடு கூடாது. வராவிட்டால் கத்தக் கூடாது. கயிற்றை மெதுவாகச் சுருட்டிப் பக்கத்தில் கொண்டுவந்து, அப்போதும் தடவிக் கொடுக்க வேண்டும். பத்துத் தடவை கூப்பிட்டால் பத்தாவது தடவைதான் வர வேண்டும் என்று நாய் கணக்கு வைத்துக்கொள்ளும் என்றார். எங்கள் வீட்டில் குழந்தைகளைச் சாப்பிடக் கூப்பிடுவது ஞாபகம் வந்தது.

அடுத்து அவர் சொன்னதை நாய் வைத்திருப்பவர்கள் எழுதியே ஒட்டிக்கொள்ளலாம். "கூப்ட்டு அடிக்காத." அரை மணி நேரம் ஊர் சுற்றிவிட்டு வருகிற நாயை 'வாடா இங்கே' என்று கூப்பிட்டு நாலு போடுகிறோம். ஊர் சுற்றியதற்காக அடிப்பதாக நமக்கு நினைப்பு. நாய்க்குப் புரிவது வேறு: கூப்பிட்டதும் வந்தேன், அடி விழுந்தது. அடுத்த முறை அது வருமா? நீங்களாக இருந்தால் வருவீர்களா?

இன்னொன்று. ஒவ்வொரு முறையும் கூப்பிட்டதும் பிடித்துக் கட்டிவிடாதீர்கள். வந்தால் விளையாட்டு முடிந்தது என்று அதற்குத் தெரிந்துவிட்டால் வராது. பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை தடவிக் கொடுத்து, 'போ, விளையாடு' என்று திரும்ப அனுப்பிவிடுங்கள்.

கூப்பிட்டும் வராத குட்டிக்குச் சில சமயம் கேட்காமலே இருக்கலாம். ராஜபாளையத்தில் பால் வெள்ளைக் குட்டிகள் சில பிறவியிலேயே செவிடு. நெருங்கிய சொந்தத்திலேயே கலக்கவிட்டதன் பலன். வாங்குமுன் குட்டியின் முதுகுக்குப் பின்னால் ஒரு தட்டைத் தட்டிப் பாருங்கள். கேட்காத குட்டியைக் கையசைத்துப் பழக்கலாம். அடித்துப் பழக்க முடியாது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு பாடம் உண்டு. அதற்குக் காலக்கெடுவும் உண்டு. அமெரிக்காவில் ஜே.பி. ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பல வருஷம் நாய்க்குட்டிகளை வைத்து ஆராய்ந்து 1965-ல் ஒரு பெரிய புத்தகம் போட்டார்கள். குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பன்னிரண்டாவது வாரம் வரை ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. அந்த நாட்களில் அது பார்த்துப் பழகுவதெல்லாம் பிறகு அதன் உலகத்தில் சாதாரணம். பார்க்காததெல்லாம் பயம், அல்லது இரை. குழந்தை, ஆடு, கோழி, பட்டாசு, மோட்டார் சத்தம், குடை பிடித்த தாத்தா எல்லாவற்றையும் அந்தச் சமயத்தில் காட்டிவிட வேண்டும். தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் விட்டால் பார்வோ, டிஸ்டெம்பர் வரும் என்பதால் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மறக்கவே கூடாது.

ராக்கெட்டுக்கு அந்த ஜன்னல் சாத்திவிட்டது. ஐந்து மாதத்தில் அது முதன்முதலாக ஆட்டைப் பார்த்தது. ஆடு ஓடியது. ஓடுவது எதுவோ அது இரை. அதன் மேல் என்ன தப்பு? ஆனால் சாத்திய ஜன்னலை நெம்பித் திறக்க முடியும். பொறுமைதான் அதிகம் வேண்டும். பெரியவர் அதை ஆட்டுப் பட்டிக்கு முப்பது அடி தள்ளி உட்கார வைத்தார். ஆட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி இவர் முகத்தைப் பார்த்தால் மீன். முப்பது அடி ஒரு வாரத்தில் இருபத்தைந்து ஆனது. ஆட்டுக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதை வேடிக்கை பார்த்தார்.

நிற்கவும் விடவும் எதற்கு என்பதை நான் பிப்ரவரியில் வயலில் பார்த்தேன். சம்பா அறுவடை முடிந்த வயல். வரப்பில் ஏகப்பட்ட எலி வளைகள். செவலை ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டே போகும். ஆள் இல்லாத வளையைத் தாண்டிவிடும். இருக்கிற வளையில் நின்று பெரியவரைப் பார்க்கும். தோண்டாது, குரைக்காது. அவர்கள் மற்ற வாய்களை மண் போட்டு அடைத்துவிட்டு, சட்டியில் வைக்கோல் புகை போட்டு ஒரு வாயில் ஊதுவார்கள். கடைசி வாயில் செவலை காத்திருக்கும். எலி வெளியே பாயும், ஒரே கவ்வு. பெரியவர் கை நீட்டினால் கையில் போட்டுவிடும். வளைக்குள் எலி சேர்த்து வைத்த நெல்லும் அவர்களுக்குத்தான். விவசாயிக்கும் சந்தோஷம்.

ஒரு வளையில் செவலை முகர்ந்ததும் முதுகு முடி சிலிர்த்துப் பின்னால் வந்தது. பெரியவர் உடனே எல்லாரையும் தள்ளிப் போகச் சொன்னார். உள்ளே எலியை விழுங்கிவிட்டு நல்ல பாம்பு குடியிருக்கலாம். "இதுக்கு முன்னாடி ஒண்ணு வச்சிருந்தேன் சார். இத்த விட கெட்டி. மோப்பமும் ஜாஸ்தி. கூப்ட்டேன், வரல. மண்டைய உள்ள வுட்டுச்சு. அரை மணி நேரந்தான் இருந்துச்சு." அவர் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. மூன்று பாடத்தில் முதல் பாடம் ஏன் முதல் பாடம் என்று எனக்குப் புரிந்தது.

வாயில் வைத்ததை விடுவதற்கும் ஒரு வழி சொன்னார். பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் இறுக்கும், இல்லை தூக்கிக்கொண்டு ஓடும். வாயில் இருப்பதைவிட நல்லதாக ஒன்றைக் காட்டி மாற்றிக்கொள்ள வேண்டும். கந்துவட்டிக்காரனிடம் அல்ல, கடைக்காரனிடம் நடந்துகொள்கிற மாதிரி.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிலர் ஆறு மாதக் குட்டியைப் பைக்கில் கட்டி ஓட விடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நீண்ட கால் எலும்பின் நுனியில் இளங்குருத்து இருக்கும். உயரமான நாய்களுக்கு அது கெட்டியாக ஒரு வருஷம், சில நாய்களுக்கு ஒன்றரை வருஷம்கூட ஆகும். அதற்குள் வலுக்கட்டாயமாக ஓட்டினால் மூட்டு வாழ்நாள் முழுக்கப் பேசும். குட்டி தானாக ஓடட்டும், தானாக நிற்கட்டும். வெயிலில் வேண்டவே வேண்டாம். நாய்க்கு நம்மைப் போல் உடம்பு முழுக்க வியர்க்காது. நாக்கைத் தொங்கப் போட்டுத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும்.

'சரி, வேட்டையே இல்லை. ஃப்ளாட்டில் இருக்கிற நாய்க்கு இதெல்லாம் எதற்கு?' என்று கேட்பீர்கள்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துக் கடற்கரை ஒன்று, பாட்ரே தீவு. அங்கே ஆமைகளைக் காப்பாற்றும் விஞ்ஞானி டோனா ஷேவர், 2000-களில் தன் நாயை ஒரு வேலைக்குப் பழக்கினார். ரிட்லி என்று பேர். கெய்ர்ன் டெரியர் ஜாதி. ஸ்காட்லாந்தில் கற்குவியல் பொந்துகளில் புகுந்து வேட்டையாடுவதற்கென்று வளர்த்த இனம். ரிட்லியின் வேலை, மனிதர் கண்ணுக்குத் தப்பிய ஆமைக் கூட்டை மணலுக்குள் மோப்பம் பிடித்துக் காட்டுவது. காட்ட வேண்டும், தோண்டக் கூடாது. இந்தியாவிலும் 2008-லிருந்து டிராஃபிக் அமைப்பு பழக்க ஏற்பாடு செய்யும் மோப்ப நாய்கள் புலி எலும்பையும் யானைத் தந்தத்தையும் கடத்துகிறவர்களைக் காட்டிக்கொடுக்கின்றன. அதே மூக்கு, அதே வெறி. நடுவில் ஒரு 'நில்' சேர்ந்தால் வேட்டை நாய் காவல் நாயாகிவிடுகிறது.

லைட்ஹவுஸ் குப்பத்துக் கரையிலும் ஆமை வரும். பங்குனி ஆமை என்பார்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை ராத்திரியில் கரையேறி, மணலைத் தோண்டி நூறு முட்டைக்கு மேல் இட்டுவிட்டுப் போகும். 45-லிருந்து 60 நாளில் குஞ்சு. அந்த முட்டைக்கு முதல் எதிரிகளில் ஒன்று கரையில் திரியும் நாய்கள்தான்.

மார்ச்சில் ஒரு ராத்திரி பையனோடு கரையில் நடந்துகொண்டிருந்தேன். ராக்கெட்டுக்கு ஒன்பது மாதம். மனிதக் கணக்கில் பிளஸ் டூ வயசு. யார் சொல்வதும் காதில் ஏறாத வயசு. கயிற்றை மணலில் இழுத்துக்கொண்டு முன்னால் ஓடியது. திடீரென்று மூக்கைத் தூக்கியது. தூரத்தில் ஈர மணலில் கறுப்பாக ஒன்று ஏறி வந்துகொண்டிருந்தது. நான் 'ஆமை' என்று சொல்லி முடிப்பதற்குள் ராக்கெட் கிளம்பிவிட்டது. கயிற்றைப் பிடிக்கலாம் என்றால் கயிறும் போய்விட்டது.

பையன் ஓடவில்லை. கத்தவில்லை. இரண்டு விரலை வாயில் வைத்து ஒரே ஒரு விசில்.

ராக்கெட் நின்றது. ஆமையைப் பார்த்தது. எங்களைப் பார்த்தது. மறுபடி ஆமையைப் பார்த்தது. ஒரு காலைத் தூக்கி வைத்தபடி அது யோசித்த நேரம் நாலைந்து விநாடி இருக்கும். அதன் பாட்டன் முப்பாட்டன் எல்லாரும் ஒரு பக்கம் நின்று 'போ, போ' என்கிறார்கள். இந்தப் பக்கம் ஒரு பையனும் வேகவைத்த மீனும். பிறகு அது திரும்பியது. சந்தோஷமாக இல்லை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி மெதுவாக, மணலை முகர்ந்து முகர்ந்து வந்தது. பையன் மண்டியிட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். முகத்தை எங்கள் பக்கம் திருப்பவே இல்லை. ஆமை தன் பாட்டுக்கு மேலே ஏறிப்போய் மணலைத் தோண்ட ஆரம்பித்தது. நாங்கள் டார்ச்சை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் காலை அவன் முதல் வேலையாகப் பாலத்தைத் தாண்டிப் போய்ப் பெரியவரிடம் சொன்னான். "தாத்தா, திரும்பி வந்துட்டான் தாத்தா." நவம்பரில் 'யோவ் பெருசு' என்று கூப்பிட்ட அதே பையன். எந்த வாரத்தில் பெருசு தாத்தாவானார் என்று எனக்குத் தெரியாது. நாயைப் பழக்குகிறபோது கயிற்றின் இந்த முனையில் இருப்பவரும் கொஞ்சம் பழகிவிடுகிறார் போலிருக்கிறது. முயல் வேட்டை பேச்சை அவன் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

ஜிம் கார்பெட்டைப் படித்தவர்களுக்கு ராபினைத் தெரிந்திருக்கும். பதினைந்து ரூபாய்க்கு வாங்கிய நோஞ்சான் குட்டி. ஒரு சிறுத்தை சீறி வந்தபோது ராபின் பயந்து ஓடியதையும், பிறகு அவரைத் தேடித் தயங்கித் தயங்கித் திரும்பி வந்ததையும் கார்பெட் 1944-ல் வெளியான புத்தகத்தில் சொல்கிறார். ஓடிப்போனதை அவர் குறையாகச் சொல்லவில்லை. திரும்பி வந்ததைத்தான் மறக்கவில்லை.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஒரு ஊர். அங்கே 7-ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று, மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. மாடு பிடிச் சண்டையில் செத்துப்போன கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அவன் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பேரையும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். கள்ளர் இருவரை அது கடித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அதோடு நிறுத்தவில்லை. கடித்துவிட்டுக் காத்து நின்றது என்றும் சொல்கிறது. ஆயிரத்து நானூறு வருஷம் தாண்டி ஒரு நாயின் பேர் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறதென்றால், கடித்ததற்காக மட்டுமா?

குட்டி வாங்கப் போகிறீர்கள் என்றால் பெல்ட், கிண்ணம், பிஸ்கெட்டோடு பத்து மீட்டர் கயிறும் வாங்கிக்கொள்ளுங்கள். தினம் பத்து நிமிஷம் போதும். ஒரு தடவை கூப்பிடுங்கள். வந்தால் தடவிக் கொடுங்கள். எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் தடவிக் கொடுங்கள். அதற்குப் பொறுமை இல்லையென்றால் ஓடுகிற ஜாதி வேண்டாம். தொட்டியில் மீன் வளர்க்கலாம்.

பேர் என்ன வேண்டுமானாலும் வையுங்கள். ராக்கெட் என்றும் வைக்கலாம். இப்போதெல்லாம் ராக்கெட்டே போய்விட்டுத் திரும்பி வந்து இறங்குகிறதே!